பழைய நம்பர் பதினொண்ணு

மெட்ராஸ்ல ஒவ்வொரு வீட்டுக்கும் ரெண்டு நம்பரு. பழைய நம்பர்னு ஒண்ணு, புது நம்பர்னு ஒண்ணு, ஆளுக்கு வீட்டுல கூப்புடுற பேரு ஒண்ணும் ரேஷன் கார்டுல ஒண்ணும் இருக்குற மாதிரி. புது நம்பரை வச்சுக்கினு பழைய நம்பர் கதவைத் தட்டுனவன், பழைய நம்பரை வச்சுக்கினு புது நம்பர் வாசல்ல செருப்பைக் கழட்டுனவன், எவன் வூட்டுக் கல்யாணம்னே தெரியாம மொய் எழுதி பாயசம் குடிச்சுட்டு வந்தவன், எல்லாரும் இந்த ஊர்ல கீறான். நீ கூட அதுல ஒருத்தனா இருப்ப, சொல்ல வெக்கப்படுற. ஆனா ஜார்ஜ் டவுன்ல, தங்கசாலைத் தெருவுல பாத்திரக் கடையெல்லாம் தாண்டி மேக்கால பிரியுற ஊசிக்கார சந்துல, ஒரே ஒரு கதவுக்கு மட்டும் ஒரே நம்பரு. பழைய நம்பர் பதினொண்ணு. புதுசு கிடையாது.

அது வேதாசலம் வீடு. வீடுன்னதும் பங்களா நினைச்சுக்காத. ஒரு ரூமு, ஒரு கொழாயி, மேல ஒரு ஃபேனு, அதுவும் சுத்தலாமா வேணாமான்னு யோசிச்சு யோசிச்சு சுத்தும். ஆளு வால்டாக்ஸ் ரோட்டுல பார்சல் ஆபீஸ்ல பண்டலு தைக்கிறவரு. துணி பண்டலுக்கு மேல சாக்கைச் சுத்தி, கோணி ஊசியால சரக் சரக்குன்னு தைச்சு தள்ளுவாரு, பண்டலு கட்டாக்கு போவும், கோவாட்டி போவும், அவரு எங்கயும் போவமாட்டாரு. பேச்சு கம்மி. அவரு பேசுற பேச்சை ஒரு வருஷத்துக்குச் சேத்து வச்சா ஒரு கட்சிக் கூட்டத்துல வரவேற்புரைக்கு காணாது.

அந்தக் கதவுக்கு புது நம்பரு இல்லாம போனதுக்குக் காரணம் ஒரு மீன் கொழம்பு. நம்பரு மாத்துன வருஷம், டப்பாவும் பிரஷ்ஷுமா சந்துக்குள்ள வந்த ஆளு வெயில்ல நாக்குத் தள்ளி இந்த வாசல்ல நின்னப்போ, வேதாசலம் சம்சாரம் லோகநாயகி, "ஏன்யா, நம்பரு எங்க ஓடிடப் போவுது, வந்து குந்து"ன்னு கூட்டிக்கினு போயி சோத்தைப் போட்டு சங்கரா மீன் கொழம்பை ஊத்துனா. தின்னவன் செவுத்துல சாஞ்சான், தூங்கினான், எழுந்து ஏப்பம் விட்டான், டப்பாவைத் தூக்கினு நேரா அடுத்த வூட்டுக்குப் போயிட்டான். இந்தக் கதவு அப்படியே நின்னு போச்சு. லோகநாயகி அதைச் சொல்லி சொல்லி சிரிப்பா. வேதாசலம் சிரிக்க மாட்டாரு, ஊசியில நூலு கோப்பாரு. அவ பேசுவா, இவரு கோப்பாரு, அதான் அவங்க குடும்பம். புள்ளைங்க இல்ல.

அப்பால லோகநாயகிக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சுது, ஆஸ்பத்திரிக்குப் போனா, திரும்பி வரல.

அவ காரியம் முடிஞ்ச கொஞ்ச நாளுக்கெல்லாம், ஒரு மத்தியானம், கதவைத் தட்டி ஒருத்தன் வந்து நின்னான். கருப்பா, ஓமக்குச்சி மாதிரி, இடுப்புல ஒரு முழத் துணி, ஒடம்பெல்லாம் சொட்டச் சொட்டத் தண்ணி. "சாமி, அலை வந்து மோதுற தெருவுல, கோடி வூடு. என் வூட்டைக் காணோம்"னான். அலையில கப்பல் சரக்கை எறக்குற படகுக்காரன் அவன், ஹார்பருன்னு ஒண்ணு கட்டுறதுக்கு முன்ன, கடலு இந்த ஊரு கடைங்க வாசல் வரைக்கும் வந்துனு இருந்த காலத்து ஆளு. வேதாசலம் மடியில இருந்த கோணி ஊசியைப் பாத்துட்டு, "நீயும் தைக்கிறவனா? நாங்க படகையே கயித்தால தைப்போம்"னான். வேதாசலம், "ம்"னாரு. அவ்ளோதான். செத்தவன் ஒருத்தன் வந்து வூடு தேடுறானேன்னு அவரும் பதறல, சந்தும் பதறல. வெயில் அதிகம்னு மட்டும் பேசிக்கினாங்க.

அதுலருந்து தெனமும் யாராச்சும் வந்தாங்க. ஏன் இந்தக் கதவுன்னு கேட்டா, எதிர்ல ஆட்டோ போடுற கவுஸ் தான் சொன்னான். "இன்னா நைனா இது தெரியாதா? செத்துப் பூட்டவங்களுக்குப் புது நம்பரு புரியாது. எல்லா கதவுலயும் ரெண்டு நம்பரு கீது, கொழம்பிப் போறாங்க. உன் கதவு ஒண்ணுதான் ஒழுங்கா கீது." வர்றவங்க சாவும்போது இருந்த ஒடம்போட வருவாங்க, மனசு மட்டும் அவங்க தேடுற வூட்டுல வாழ்ந்த வயசுலயே நிக்கும். எண்பது வயசு கெழவன் பல்லில்லாத வாயால "எங்கப்பா அடிப்பாரு, பள்ளிக்கூடம் விட்டு நேரமாச்சு"ம்பான். யாருக்கும் வேதாசலம் வேணாம். எல்லாருக்கும் அவங்கவங்க வூடுதான் வேணும். அந்த வூடு இருந்த எடத்தைக் காட்டிட்டா, ஒரு நிமிஷம் பாத்துக்கினு நிப்பாங்க, அப்பால இருக்கமாட்டாங்க. மறுபடி வரவும் மாட்டாங்க. படகுக்காரனை கவுஸ் பீச் ரோட்டுக்கு இட்டுனு போயி ஹார்பர் செவுத்துக்கிட்ட எறக்குனான். அந்தாளு செவுத்துக்கு அந்தாண்ட மோந்து பாத்துட்டு, "கடலு தள்ளிப் போயிடுச்சே"ன்னான். கவுஸ் திரும்புறதுக்குள்ள ஆளு இல்ல. சீட்டு மட்டும் ஈரம். அன்னிக்கு அதுல ஏறுன பாரிமுனை வக்கீலு, பேன்ட்டைத் தடவிப் பாத்துட்டு கவுஸை ஒரு மாதிரி பாத்தாரு.

சந்து கத்துக்கிச்சு. கரண்டு கட்டுக்கும் கொழாத் தண்ணிக்கும் பழகுன சந்து, இதுக்குப் பழகாதா? தலைப்பாக்கட்டும் கடுக்கனுமா ஒரு துபாஷி, வெள்ளக்காரனுக்கு வியாபாரம் பேசிக் குடுத்த பெரிய மனுசன், கோட்டைக்கு வடக்கால என் மாளிகைன்னு வந்து நின்னப்போ, அந்த ஊரையே வெள்ளக்காரன் பீரங்கிக்கு எடம் வேணும்னு இடிச்சுத் தள்ளி, இப்ப அங்க ஹைகோர்ட்டு கீதுன்னு கவுஸ் பக்குவமா சொன்னான். சொல்லிட்டு, "வெளியவே நின்னு பாத்துட்டுப் போயிடு சாமி, உள்ள போனா வாய்தா குடுத்துடுவானுங்க, இன்னொரு இருநூறு வருஷம் இங்கயே சுத்துவ"ன்னும் சொன்னான். சந்து மொனையில டீக்கடை போட்டிருக்குற ரமணம்மா வர்றவங்களுக்கெல்லாம் ஒரு கிளாஸ் டீ குடுப்பா. அவங்க குடிக்க மாட்டாங்க, ரெண்டு கையாலயும் கிளாஸைப் புடிச்சுக்கினு சூட்டை மட்டும் எடுத்துக்குவாங்க, டீ ஜில்லுன்னு ஆயிடும். அதை ரமணம்மா திரும்பச் சுட வச்சு உயிரோட இருக்குறவனுக்கு வித்தான்னு ஒரு பேச்சு இருந்துச்சு. நானும் அங்க குடிச்சிருக்கேன், ருசி ஒண்ணும் கொறையல.

ஒரு தெலுங்குக்காரம்மா மட்டும், சாயம் தோச்ச கையோட, வேதாசலம் வூட்டு நாக்காலியிலயே நாள் கணக்கா குந்தினு இருந்துச்சு. அது கேக்குறது யாருக்கும் புரியல, வழி சொல்லல, அதனால போவல. அப்பால ரமணம்மா வந்து தெலுங்குலயே பேசி, சின்ன நைனிக்காரன் தெருன்னு கண்டுபிடிச்சு, கையைப் புடிச்சு இட்டுனு போனா. நாக்காலி காலியாச்சு. அன்னிக்கு சாயந்தரம் வேதாசலம் அந்தக் காலி நாக்காலியை ரொம்ப நேரம் பாத்தாரு. யாரோ பொம்பளை, புரியாத பாஷை, ஆனா வூட்டுல ஒரு ஆளு இருந்துச்சு இல்ல.

வழி சொல்லலன்னா போவமாட்டாங்க. அது அவரு மனசுல அப்படியே ஒட்டிக்கிச்சு.

ஏன்னா அவரு ஒருத்தியை எதிர்பாத்துனு இருந்தாரு. ஊருல எவன் எவனோ வரான், இருநூறு வருஷம் முன்ன பூட்டவன் வரான், நேத்து முந்தாநாள் பூட்ட லோகா வரமாட்டாளா? அவளுக்கு வழியே கேக்க வேணாம், நேரா வருவா, இதானே அவ வூடு, பதினொண்ணாம் நம்பரு. வர்ற அன்னிக்கு பேசணும்னு அவரு வார்த்தை சேத்து வச்சுனு இருந்தாரு, சில பேரு சில்லறை சேக்குற மாதிரி. முக்கியமா ஒரு வார்த்தை. அதுக்கு அவங்க பொண்ணு பாத்த கதை தெரியணும் உனக்கு.

லோகநாயகி பொறந்த வூடு ஏழுகிணறு தெருவுல, நம்பர் இருபத்தி மூணு. அப்பவும் ஒருவாட்டி நம்பரை மாத்திட்டிருந்தானுங்க, அது இவங்களுக்குத் தெரியாது. வேதாசலம், அவங்கம்மா, மாமன், தாம்பாளத்துல பழம் பூவோட, பழைய இருபத்தி மூணுக்குள்ள பூந்துட்டாங்க. கெரகம் பாரு, அந்த வூட்டுலயும் ஒரு பொண்ணு, அன்னிக்கே அதைப் பாக்க எவனோ வர்றான். வாங்க வாங்கன்னு ஜமக்காளம் போட்டு, சொஜ்ஜி பஜ்ஜி குடுத்து, பொண்ணு வந்து கும்புட்டுப் பாட்டும் பாடிடுச்சு. மாமன் ரெண்டாவது பிளேட் பஜ்ஜிக்கு அப்புறம், "எங்களுக்குப் பூரண சம்மதம்"னுட்டாரு. அந்த நேரம் பாத்து வாசல்ல நெஜ மாப்பிள்ளை வந்து நிக்கிறான், அவன் கையிலயும் தாம்பாளம். பழத்தைத் தூக்கினு இவங்க ஓடி, புது இருபத்தி மூணுக்கு வந்து சேர்றப்போ விளக்கு வச்சாச்சு. லோகநாயகி தலையில பூவு வாடிப் போயி, கையில காப்பி ஆறிப் போயி நின்னா. ஆறுன காப்பியைத்தான் குடுத்தா. குடுக்கும்போது கொரலை தாழ்த்தி கேட்டா: "அந்த வூட்டு சொஜ்ஜி நல்லா இருந்துச்சா?"

அன்னிலருந்து அவ உசிரோட இருந்த வரைக்கும் அதே பேச்சு. கொழம்புல உப்பு பத்தலன்னு இவரு மூஞ்சி காட்டுனா, "அங்கயே தாலி கட்டியிருக்கலாம்ல"ம்பா. நல்ல மூடுல இருந்தா, "யோவ், நீ மட்டும் அன்னிக்கு நேரா எங்க வூட்டுக்கு வந்திருந்தா, சூடா ஒரு காப்பி குடுத்திருப்பேன்யா. மொதல் காப்பியே ஆறிப் போச்சு பாரு"ம்பா. இவரு ஊசியில நூலு கோப்பாரு. நீ குடுத்த காப்பிதான் எனக்குப் புடிச்சுதுன்னு ஒரு வார்த்தை. அதைச் சொல்ல இவருக்கு வாயே வரல. இப்ப சேத்து வச்சிருந்தாரு.

அதுக்குள்ள சந்துல பேச்சு கெளம்பிடுச்சு. பேஜாரு ஆரம்பிச்சது எதிர்க்கடை ஸ்டீல் பாத்திர சேட்டு சம்பாலால்கிட்டேருந்து. நல்ல மனுசன்தான், தமிழு நம்மள விட வேகமா பேசுவாரு. "வேதாசலம் சார், நம்ம படியில எல்லாம் வரிசையா குந்தறாங்கோ. கஸ்டமர் குக்கர் வாங்க வருது, பக்கத்துல ஈரமா ஒரு ஆளு, குக்கர் வேணாம்னு போவுது. நீங்கோ ஒரு புது நம்பர் போட்டுக்கோ சார். அவங்கோ கொழம்பிப் போயிடும், வராது."

"லோகா வரட்டும் சேட்டு."

"வந்துட்டா?"

"வந்துட்டா போட்டுக்கலாம்."

நம்பர் பலகை அடிக்கிற யேசுபாதமும் ரெண்டு மூணு வாட்டி வந்தான், பலகையும் ஆணியுமா. வேதாசலம் கதவுக்கு முன்னால நின்னு அசையல. புது நம்பர் போட்டா லோகா எப்படி வருவா? யேசுபாதம் தலையைச் சொறிஞ்சுக்கினு, "நான் சாயந்தரமா வரேண்ணே"ம்பான், வரமாட்டான். கடைசியில சந்தே ஒண்ணா நின்னு சொல்லிட்டாங்க, இந்த வெள்ளிக்கெழம சாயந்தரம் பலகை அடிச்சே ஆவணும்னு. ரமணம்மா மட்டும், "அந்தாளு வாசலை எதுக்குய்யா மூடுறீங்க"ன்னா. டீத்தூள் நஷ்டம் அவளுக்குத்தான், அவளே சொன்னா.

வெள்ளிக்கெழம வெயில் தாழ ஆரம்பிச்ச நேரம் கதவைத் தட்டுனாங்க. வேதாசலம் தொறந்தாரு.

லோகநாயகி நின்னா. நரைச்ச தலை, ஆஸ்பத்திரியில போட்ட பச்சைத் துணி, மணிக்கட்டுல பேரு எழுதுன பிளாஸ்டிக் வளையம். மூச்சு வாங்கல, அது ஒண்ணுதான் வித்தியாசம். அவரு சேத்து வச்ச வார்த்தையெல்லாம் நுனி நாக்குக்கு வந்துடுச்சு.

"அண்ணே, கொஞ்சம் வழி சொல்றீங்களா?"ன்னா அவ. "ஏழுகிணறு தெரு, இருபத்தி மூணு. பூ வாங்க வந்தேன், திரும்பிப் போக வழி மறந்துட்டேன்."

முப்பத்தஞ்சு வருஷம் சோறு போட்ட வூட்டு வாசல்ல நின்னுக்கினு, கட்டுனவனை அண்ணேன்னா. எத்தனை பேரு அந்தக் கதவைத் தட்டுனான், எவனுக்கும் வேதாசலம் வேணாம். இவளுக்கும் வேணாம்.

"உள்ள வந்து குந்தும்மா"ன்னாரு. அவ நாக்காலியில குந்துனா. ஃபேனைப் பாத்தா, கொழாயைப் பாத்தா, செவுத்துல மாலை போட்டிருந்த அவ போட்டோவையே பாத்துட்டு, "உங்க வூட்டுக்காரம்மாவா? பாவம், வாயாடி மாதிரி இருக்காங்க"ன்னா. ரமணம்மா டீ கொண்டாந்து குடுத்துட்டு, லோகா மூஞ்சியைப் பாத்தா, வேதாசலம் மூஞ்சியைப் பாத்தா, வாயில முந்தானையை வச்சுக்கினு போயிட்டா.

"வழி தெரியுமாண்ணே?"

"தெரியல."

பொய்யி. ஏழுகிணறு தெருவுக்குக் கண்ணைக் கட்டி விட்டாலும் போவாரு. ஆனா வழி சொல்லலன்னா போவமாட்டா. தெலுங்குக்காரம்மா குந்தினு இருந்த மாதிரி இவளும் குந்தினு இருப்பா. காலையில பண்டலு தைக்கப் போனா வூட்டுல ஆளு இருக்கும், சாயந்தரம் கதவைத் தொறந்தா ஆளு இருக்கும், அண்ணேன்னு கூப்புடட்டுமே, என்ன கெட்டுப் போச்சு, கூப்புடுறதுக்கு ஒரு கொரலு. அந்த சந்தோஷத்துல அவரு நாலு வார்த்தை கூடப் பேசிட்டாரு, "டீ சூடா கீதா"ன்னு கேட்டாரு.

அவ கையில டீ ஆறிப் போச்சு. வாசலைப் பாத்தா. வெயில் செவுத்துல ஏறிக்கினே போவுது. "நேரமாவுதுண்ணே"ன்னா. கொஞ்ச நேரம் கழிச்சு, "எங்கம்மா தேடும்"னா. அப்பால கண்ணு ரொம்பிடுச்சு. "இன்னிக்கு என்னைப் பொண்ணு பாக்க வர்றாங்க. யாரோ பண்டலு தைக்கிறவராம். வந்து நான் இல்லன்னு திரும்பிப் போயிட்டா? காப்பித்தூள் புதுசா அரைச்சு வச்சிருக்கேன். சூடா குடுக்கணும்."

வேதாசலம் கையை வேட்டியில தொடச்சாரு, எழுந்தாரு. "வாம்மா, வழி ஞாபகம் வந்துடுச்சு."

சந்து மொனையில யேசுபாதம் பலகையும் சுத்தியுமா எதிர்ல வந்தான், இவங்களைப் பாத்து அப்படியே செவுத்தோட ஒட்டுனான். "போயி அடிச்சுக்கோ"ன்னாரு வேதாசலம், நிக்காமயே. "ஸ்டூலு கட்டிலுக்குக் கீழ கீது." கவுஸ் ஆட்டோவை ஸ்டார்ட் பண்ணான், இவரு கை காட்டி நிறுத்திட்டாரு. ஆட்டோவுல போனா சீக்கிரம் போயிடும். நடந்தாங்க. தங்கசாலைத் தெருவுல தள்ளுவண்டிக்கும் பைக்குக்கும் நடுவுல, வெங்காயக் கோணி தூக்குறவனுக்கும் ஜிலேபி சுத்துறவனுக்கும் நடுவுல, ஆஸ்பத்திரித் துணி போட்ட ஒரு பொம்பளையும் சட்டை பட்டன் மாத்திப் போட்ட ஒரு ஆளும் போறாங்க, அவ பேசிக்கினே வரா, மாப்பிள்ளைக்குச் சிரிக்கத் தெரியுமோ என்னமோ, எங்க மாமா சொன்னாரு ரொம்ப அடக்கமாம், அடக்கம்னா ஊமையா இருக்கப் போவுதுன்னு நான் சொன்னேன், எங்கம்மா தலையில குட்டுச்சு, பாருங்க இங்க, இன்னும் வலிக்குது. இவரு வழி நெடுக "ம்" கொட்டிக்கினே வந்தாரு. இந்த வாட்டி ஒண்ணைக்கூட வுடாம கேட்டாரு.

ஏழுகிணறு தெருவுல புது இருபத்தி மூணு இப்ப மொளகா குடோனு. இரும்பு ஷட்டரு போட்டு பூட்டு தொங்குது, முன்னால லோடு சிந்துன மொளகா ரெண்டு காஞ்சு கெடக்குது. வேதாசலத்துக்கு அதுதான் தெரிஞ்சுது. லோகநாயகி, "அப்பாடா, கோலம் கூட அழியல"ன்னா.

இவரு மூச்சைப் புடிச்சுக்கினாரு. வூட்டைப் பாத்துட்டா இருக்கமாட்டாங்க, அதானே வழக்கம். அவ போவல. ஷட்டருக்கு முன்னால நின்னு தெருக்கோடியைப் பாத்தா. "யாரும் வரலியே அண்ணே. விளக்கு வைக்கிற நேரமாச்சே."

"வருவாரும்மா. இங்கயே நில்லு."

அவரு வேகமா தெருக்கோடிக்குப் போனாரு. பூக்காரிகிட்ட ரெண்டு முழம் மல்லி வாங்குனாரு. கொழாயில மூஞ்சி கழுவி, சட்டை பட்டனைக் கழட்டி ஒழுங்கா போட்டு, தலையைக் கையாலயே வாரிக்கினாரு. திரும்பி வந்தாரு. பழைய இருபத்தி மூணு வழியில இருக்குது, அது இப்ப ஒரு லாட்ஜு. அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல. நேரா வந்து ஷட்டருக்கு முன்னால நின்னாரு.

"நம்பர் இருபத்தி மூணு இதானேம்மா?"

லோகநாயகி தலையைக் குனிஞ்சுக்கினா, நரைச்ச முடியைக் காதுக்குப் பின்னால ஒதுக்குனா. "இதான். வாங்க. வூடு கண்டுபிடிக்க கஷ்டமா இருந்துச்சா?"

"இல்ல. வேற எங்கயும் போவல. நேரா இங்கதான் வரேன்."

அவ நிமிந்து பாத்தா. அவ்ளோ வருஷத்துல அவ அப்படிப் பாத்ததில்ல, கேலியே இல்லாம. பூவை வாங்கிக்கினா. "உக்காருங்க. சூடா காப்பி கொண்டாரேன்"னு சொல்லிட்டு உள்ள போனா. ஷட்டரு தொறக்கல, பூட்டு ஆடல, ஆனா போயிட்டா.

வேதாசலம் குடோன் படியில உக்காந்தாரு, பொண்ணு பாக்க வந்தவன் உக்கார்ற மாதிரி, முட்டியை ஒட்டி வச்சு, கையை மடியில வச்சு. தெருவுல லைட்டு எரிஞ்சுது. லோடு ஏத்துறவனுங்க போவும்போது ஒரு மாதிரி பாத்துட்டுப் போனானுங்க.

ரொம்ப நேரமா காணோமேன்னு தேடிக்கினு கவுஸ் வந்தான். "இன்னா நைனா, பூட்டுன குடோனைப் பாத்துனு குந்தினுகீற? அங்க நம்பர் பலகை அடிச்சாச்சு. புது நம்பரு நாப்பத்தேழு, நல்லாத்தான் கீது. வா, போலாம்."

"பொண்ணு பாக்க வந்திருக்கேன்டா. காப்பி கொண்டாரேன்னு உள்ள போயிருக்கா."

கவுஸ் ஆட்டோவை ஓரங்கட்டிட்டு வந்து பக்கத்துல உக்காந்தான். "வருமா?"

"வரும்."

ஷட்டருக்கு அடியிலருந்து மொளகா நெடி வந்து கவுஸ் தும்முனான், திரும்பத் திரும்பத் தும்முனான், கண்ணுல தண்ணி வந்துச்சு. வேதாசலம் தும்மல. அவரு மூக்கை லேசா தூக்கி வச்சுக்கினு உக்காந்திருந்தாரு, உள்ள யாரோ புதுசா அரைச்ச தூளுல கொதிக்கக் கொதிக்கத் தண்ணி ஊத்துற வாசனை அவருக்கு மட்டும் வந்துனே இருந்துச்சு.